இபோயாவின் வலது கால்

எனக்கு வெயில் ஆகாது. நடைப்போட்டி நடுவராக இருந்த பதினெட்டு வருடமும், பாதையில் மரநிழல் விழுகிற வளைவாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வேன். மற்ற நடுவர்கள் கேலி செய்வார்கள். ஆனாலும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

என்னிடம் நடை பழகிய இபோயாவின் வெளிநாட்டுப் போட்டிகளைப் பற்றி ஊர் விளையாட்டு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ப்ராக், அங்கே பதினொன்றாவது. பிறகு நார்வே, ஸ்பெயின், இரண்டு தடவை இத்தாலி. கடைசித் தடவை நான்காவதாக வந்தாள். நம் ஊரிலிருந்து யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. அதற்குப் பிறகு ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டீர்கள். இருபத்தைந்து வருடமாக என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

பதினான்கு வயதில் என்னிடம் வந்தாள். நான் அப்போதுதான் போட்டிகளை விட்டிருந்தேன். என் காலத்தில் பெண்கள் நடைக்கு ஒலிம்பிக்கில் இடமே கிடையாது. அதனால் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் புத்தி எனக்கு இல்லை. தினமும் காலையில் ஊரோரம் ஓடுகிற திஸா ஆற்றின் கரைமேட்டில் இருவரும் நடப்போம். இடுப்பை வெட்டி வெட்டி நாங்கள் போவதைப் பார்த்தால் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிற கிழவர்களுக்கு வாய் சும்மா இருக்காது.

“என்ன வாத்துங்களா, கக்கூஸுக்கு அவசரமா?”

“ஆமா மாமா, உங்க வீட்டுக்குத்தான் போறோம். கதவத் திறந்து வைக்கச் சொல்லுங்க” என்பாள் இபோயா, வேகம் குறையாமல்.

நடை முடிந்ததும் என் சமையலறைக்கு வருவாள். ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி, மேலே வெங்காயமும் மிளகாய்ப்பொடியும் போட்டுத் தருவேன். நான்கு துண்டு தின்பாள். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் விடியுமுன் எழுந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் இத்தாலியப் பயிற்சியாளர் ஒருவர் அவளைக் கூப்பிட்டார். மே மாதம் தேசியப் போட்டியில் ஜெயித்துவிட்டு வா, மூன்று வருடம் இங்கேயே தங்கிப் பயிற்சி எடு என்றார். அவள் அந்த ரொட்டியை மென்றுகொண்டே என்னிடம் சொன்னாள்.

“மூணு வருஷம்தான் அக்கா. கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துருவேன்.”

“தாராளமா போய்ட்டு வாம்மா” என்றேன். இன்னொரு துண்டும் தடவிக் கொடுத்தேன்.

நடைப்போட்டியின் விதி எளிது. எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். இரண்டையும் தரையை விட்டுத் தூக்கினால் அது ஓட்டம். தூக்கியதாக மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த மே மாதம் இபோயாவின் எண்ணுக்கு எதிரே பலகையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் ஏற்கெனவே இருந்தன. மூன்றாவது என்னுடையது.

முதல் இரண்டு அட்டை எழுதியவர்களும் நான் நடுவர் வேலை பழக்கிய பிள்ளைகள்தான். நேர்மையானவர்கள், அவர்கள் மேல் தப்பில்லை. போட்டிக்கு முன்னால் காபி குடிக்கும்போது நான் சொன்னது இவ்வளவுதான்: “இபோயாவோட வலது கால் மேல ஒரு கண்ணு வைங்க. இப்பல்லாம் தூக்குறா.” தேடுகிற கண்ணுக்கு எதுவும் அகப்படும்.

என் வளைவில் பாப்லர் மரங்களின் நிழல் அடர்த்தி. அங்கே பாதம் சரியாகத் தெரியாது. நான் பாதத்தைப் பார்க்கவும் இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டு வந்தாள். அது இங்கே இருக்கிறவளின் சிரிப்பாக இல்லை. அட்டையில் அவள் எண்ணை எழுதி, காலைத் தூக்கியதற்கான அலைக்கோட்டைப் போட்டேன்.

சாயங்காலம் அவள் என்னிடம்தான் வந்தாள்.

“வேற யாராச்சும் போட்டிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன் அக்கா. நீங்களே போட்டீங்க. அப்ப நான் தூக்கியிருக்கேன்னுதானே அர்த்தம்? எனக்கே தெரியலையே. என் கால என்னாலயே நம்ப முடியலையே.”

மடியில் முகம் புதைத்து அழுதாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. அவள் அழுவதை நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கும் வாய் வந்திருக்காது. “விடு, சரி பண்ணிடலாம்” என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

சரியாக இருந்த நடையைச் சரி செய்ய இரண்டு குளிர்காலம் ஆயிற்று. குதிகாலை முன்னதாக ஊன்றச் சொன்னேன். வலது இடுப்பை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். இத்தாலியிலிருந்து இரண்டு கடிதம் வந்தன. இந்த நடையோடு போனால் அவமானம்தான் மிஞ்சும் என்றேன். வரவில்லை என்று அவளே பதில் எழுதினாள். ஸ்டாம்பு ஒட்டியது நான்.

இரண்டாவது குளிர்காலத்தில் இடுப்பு வலிக்கிறது என்றாள்.

“வலிச்சா நல்லதுதான். பழைய பழக்கம் விட்டுப் போகுதுன்னு அர்த்தம்.”

நம்பினாள். நான்கு மாதம் அந்த வலியோடு நடந்தாள். பிப்ரவரியில் ஒரு நாள் கரைமேட்டுப் பனியில் விழுந்தாள், எழவில்லை. இடுப்பு எலும்பில் விரிசல், இன்றைக்கு வந்ததல்ல, மாதக்கணக்கான விரிசல் என்றார் மருத்துவர்.

“இத வச்சுக்கிட்டு எப்படிம்மா நடந்தே?” என்று அவர் கேட்டார்.

“அக்கா சொல்லிக் குடுத்தாங்க” என்றாள், என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. நானும் மனுஷிதான்.

இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கால் கூடவில்லை. தபால் நிலையத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலு மணிக்குக் கைத்தடியோடு வருவாள். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“எப்படிக்கா, இன்னும் தூக்குறேனா?”

“இல்லம்மா. ரெண்டும் தரையிலதான் இருக்கு.”

இருவரும் சிரிப்போம். பிறகு ரொட்டி தடவிக் கொடுப்பேன். இப்போதெல்லாம் இரண்டு துண்டுதான் தின்கிறாள்.

மணி நாலாகப் போகிறது. தடிச் சத்தம் கேட்டதும் அந்த நோட்டை மூடிவிடுங்கள். இதையெல்லாம் மலரில் போட வேண்டாம். எனக்காகச் சொல்லவில்லை. தெரிந்தால் அவள் மனசு உடைந்துபோவாள். அப்போது ஆறுதல் சொல்ல, பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?