சமாரியப் பெண்ணைச் சாட்சிக்கு அழைத்தவள்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை. புதுச்சேரிக் கோவிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நின்றிருந்தோம். கிணற்றடியில் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட சுவிசேஷத்துக்குத்தான் அன்று காலைப் பூசையில் பிரசங்கம். பக்கத்து வரிசையில் வெள்ளைப் புடவை கட்டிய இளம் விதவை ஒருத்தி, முன்னால் நின்ற தன் நாத்தனாரிடம் மெல்லச் சொன்னாள்:

“அஞ்சு புருஷன் கட்டினவகிட்டயே ஆண்டவர் நின்னு பேசியிருக்காரு, அண்ணி.”

“பேசட்டும். உனக்கென்ன இப்போ?”

“எனக்கு ரெண்டாவதுதானே.”

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். இறந்தவன் அவளுடைய தம்பி.

“யாரு, சைகோன் பட்டாளத்துலேர்ந்து திரும்பின அந்த சொல்தாவா?”

“ஆமா. அவரை நெனச்சதே பாவம்னு சொல்லத்தான் வந்தேன். உங்களுக்குப் புடிக்கலன்னா இதோட விட்டுடுறேன்.”

“தவசு தொடங்குறதுக்கு முந்தியே அவரு என்கிட்ட வந்து கேட்டுட்டாருடி. நானும் சரின்னுட்டேன். பாஸ்குத் திருநாள் வரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்னுதான் வாயை மூடிக்கிட்டிருக்கேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“சொல்லியிருந்தா ஒழுங்கா தவசு இருந்திருப்பியா நீ? அழாதே, பாக்குறாங்க. இதை உள்ள போய்ச் சொல்லி சாமியார் நேரத்தைக் கெடுக்காதே. வேற பாவம் ஏதாச்சும் இருந்தா யோசிச்சு வை.”

என் முறை வந்தது. இந்த வயதுவரை சுமந்து வந்த பழைய பாவங்களை எல்லாம் மனம் வருந்தி, மனஸ்தாபத்தோடு சொன்னேன். கடைசியாக, ஒட்டுக்கேட்டதையும் சொன்னேன். அதற்கு மட்டும் மனஸ்தாபம் வரவில்லை.