நிறம் போன தண்ணீர்

தண்ணீர் வேண்டாம் மேடம், வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறேன். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறெதுவும் தொண்டையில் இறங்காது. வடவள்ளியில் இதைத் திமிர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பழக்கம் என்பார்கள். நீங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சாய்ப்ரியா. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். பல்லடம் ரோட்டில் இருக்கும் சாயப்பட்டறை என் மாமனார் சுந்தரராஜுலுவுடையது. அங்கே ஆய்வுக்கூடம் என் பொறுப்பு. துணி அலசிய சிவப்புத் தண்ணீரில் போட்டால் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொடியை நான் செய்தேன். உலோகத்தையும் கரிமப் பொருளையும் கோத்துக் கட்டிய பொடி. தேன்கூடு மாதிரி அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள் உண்டு. சாயம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு வருட உழைப்பு அது.

இரண்டு உலோகங்களில் செய்து பார்த்தேன். சிர்கோனியத்தில் செய்தது சாதுவான பொடி, ஆனால் தண்ணீரில் லேசாக ரோஸ் நிறம் மிஞ்சும். காட்மியத்தில் செய்தது தண்ணீரைக் கண்ணாடியாக்கிவிடும். வெளிநாட்டுத் துணிக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதற்கு முந்தின நாள்தான், அந்தக் கூடு மெல்லக் கரைந்து காட்மியம் தண்ணீரில் இறங்குவதைக் கருவி காட்டியது. சிறுநீரகத்தைத் தின்கிற உலோகம் அது. எனக்குத் தெரியும். ஒரு நாள் மட்டும் காட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நிஜம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வந்தவர்களில் ஒருவர், "இதை நீங்கள் குடிப்பீர்களா?" என்று சிரித்தபடி கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் ஒரு டம்ளரில் கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் முழுசாகக் குடித்தேன். கைதட்டினார்கள். வாசல் கூட்டிக்கொண்டிருந்த மாரியாத்தாளும் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்.

மாரியாத்தாள் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவர். அவர் ஊர் டீக்கடையில் அவருக்கு இன்னமும் தனி டம்ளர்தான். எங்களிடம் அந்தப் பேச்சே கிடையாது. நான் காபி குடிக்கிற டம்ளரிலேயே அவருக்கும் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அன்று சாயங்காலம் அவர் குடத்தோடு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, இந்தத் தண்ணி ஒரு கொடம் ஊட்டுக்குக் கொண்டு போகட்டுங்களா? எங்கூரு உப்புத் தண்ணிக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

"செடிக்கு ஊத்துங்கக்கா" என்றேன்.

"செடிக்கு எதுக்குங்க? நீங்களே குடிச்சீங்கல்ல. அம்மணி குடிக்கற தண்ணி எனக்குங் கெடைக்குதுன்னா அதுவே போதுங்க."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். அதனால் சொல்லவில்லை. சாயம் இருந்தவரை அந்தத் தண்ணீரை ஆடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அந்தச் சிவப்புதான் எல்லாரையும் காப்பாற்றி வந்தது, அதை எடுத்தவள் நான். மாரியாத்தாளோ வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்.

ஆர்டர் வந்தது. பொடியை மாற்றினால் ரோஸ் நிறம் திரும்பிவிடும் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், பிறகு இன்னொரு மாதம். மழைக்காலத்தில் தொட்டி ஓரம் வழுக்கியது. மாரியாத்தாள் விழுந்துவிடக் கூடாதே என்று தனியாக ஒரு குழாய் போட்டுக் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வருடம் போனது. முதலில் இடுப்பு வலி என்றார், பிறகு கால் வீங்கியது. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் எங்கள் காரில்தான் அனுப்பினேன். போன ஆடியில் இறந்துபோனார். துக்கத்துக்குப் போயிருந்தபோது அவர் மகள் இனியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா எங்கம்மா அந்தக் கொழாத் தண்ணிதான் வேணும்னு கேட்டுதுங்க. அதத்தான் வாயில ஊத்துனேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நடிப்பு இல்லை மேடம். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

குற்றம் என்னுடையது, மறுக்கவில்லை. பொடியும் குழாயும் என்னுடையவை, தெரிந்தும் வாய் திறக்காதவள் நான். ஆனால் நான் யாரையும் குடிக்கச் சொன்னதில்லை. மாரியாத்தாளை ஒருநாளும் வேற்றாளாக நடத்தியதும் இல்லை. எங்களுக்குள் ஒரே டம்ளர்தான் இருந்தது என்று இனியாவிடம் மட்டும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

என்ன கேட்டீர்கள்? அன்றைக்கு நானும் குடித்தேனே, எது குடித்தேன் என்றா?

இதோ, இந்த பாட்டில் தண்ணீர்தான் மேடம். வீட்டிலிருந்து கொண்டு வந்தது.