சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கதவு

மத்தியானம் இரண்டேகால் மணி. தெருவில் ஈ, காக்கை இல்லை... பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தப் போன் வெளிச்சத்தை அணையுங்கள்.

என் சிநேகிதனின் மச்சானுக்கு நடந்தது இது. தீயணைப்பில் வேலை அவருக்கு. அன்றைக்குப் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா கசிந்து, தெருவையே காலி செய்திருந்தார்கள். முகமூடிக்குள்ளும் கண் எரிந்தது. யாராவது தங்கிவிட்டார்களா என்று வீடு வீடாகத் தட்டிக்கொண்டே போகிறார். ஏற்கெனவே எரிச்சல். "ஓடுறப்ப நாய், பூனையை விட்டுட்டு ஓடாதீங்க, கயிறும் கூண்டும் எப்பவும் வாசப் பக்கமே வைங்க" என்று வருஷம் பூராவும் கூட்டம் போட்டுச் சொன்ன மனிதர். செவிடன் காதில் ஊதிய சங்கு. அதற்குள் இரண்டு பூனை, ஒரு கிளி, ஓர் ஆமை... எல்லாவற்றையும் அவர்தான் சுமந்து இறக்கியிருந்தார்.

கடைசிக் கட்டிடம். மூன்றாவது மாடி. பூட்டிய கதவு. அதில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ஆபத்து நேரத்தில் வருகிறவர்கள் பார்ப்பதற்காகக் கால்நடை மருத்துவமனையில் கொடுப்பது. 'உள்ளே ஒரு நாய் இருக்கிறது. காப்பாற்றுங்கள்.' கீழே ஒரு போன் நம்பர்.

தட்டினார். உள்ளே... சர்ர்க். சர்ர்க். நகம். அப்புறம் கதவின் அடி இடுக்கில் மூச்சு வாங்கும் சத்தம்.

முகமூடியை விலக்கி, இருமிக்கொண்டே அந்த நம்பருக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தார்.

"அம்மா, நாயை உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்க போனீங்க?"

"நாங்க காலி பண்ணி ரெண்டு வருஷமாச்சுங்க. எங்ககிட்ட நாய் இல்ல."

"அப்ப ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டுப் போறதுக்கென்ன?"

அந்தப் பெண் போனை வைத்துவிட்டார்.

வாக்கிடாக்கியில் அதிகாரி கத்தினார். "நாயெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கீழ இறங்குய்யா."

மச்சானுக்கு மண்டை சூடேறியது. அப்புறம் என்றால் எப்போது, செத்த பிறகா? கடப்பாரையை விட்டு நெம்பினார்.

வெறும் வீடு. ஒரு நாற்காலிகூட இல்லை. தரையெல்லாம் தூசி. கதவின் உட்புறம் மட்டும், முழங்கால் உயரத்துக்கு, சுரண்டிச் சுரண்டிப் பலகை வெளிறியிருந்தது... நாய் வாடை. அவர் காலை உரசிக்கொண்டு என்னவோ வெளியே போனது. படிகளில் நகச் சத்தம். டக டக டக... மூன்று மாடியும் இறங்கியது.

கீழே நின்றவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. இல்லாத நாய்க்காகக் கதவை உடைத்தார் என்று மெமோ கொடுத்தார்கள். "இருந்திருந்தா மட்டும் மெடலா குடுத்திருப்பானுங்க?" என்று இன்றைக்கும் புலம்புவார்.

அன்று இரவு போன் வந்தது. அதே பெண்.

"சார்... அந்தக் கதவைத் திறந்தீங்களா?"

"திறந்தேன். உள்ள ஒண்ணுமில்ல."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இப்படிக் கசிஞ்சுது சார். பத்து நிமிஷத்துல திரும்பிடலாம்னு சொன்னாங்க. நம்பி அவனை உள்ள வச்சுப் பூட்டிட்டோம். அப்புறம் நாலு நாள் தெருவுக்குள்ளயே விடல. நான் கிண்ணத்துல தண்ணிகூட வச்சுட்டு வரல சார்..." அழுதார். "இப்ப எங்க வாசல்ல வந்து நிக்கிறான். திறக்கட்டுமா, வேண்டாமா?"

மச்சானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும்.

"இதுக்கும் என்னைத்தான் கேக்கணுமா? திறங்கம்மா."

தாழ்ப்பாள் விலகியது. அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசவில்லை. இவர் எத்தனை முறை கூப்பிட்டும் பேசவில்லை. போனில் வேறு சத்தம் கேட்டது... சளக். சளக். சளக். நாக்கால் தண்ணீர் குடிக்கிற சத்தம்.

பொழுது விடிகிறவரை அது நிற்கவே இல்லையாம்.