பதினோரு ஓட்டு யாருடையது?

இந்த அவைக்குத் தலைமையேற்று, என்னைப் பேச அழைத்த கையோடு "சுருக்கமா முடிப்பா கெலெபி, பன்னி ஆறிடும்" என்று காதோடு எச்சரித்துவிட்டு அமர்ந்திருக்கும் நதூவா ஊரின் தலைவர் இலைதியா அவர்களே! இறைவாழ்த்துப் பாடி இந்தப் பாராட்டு விழாவைத் தொடங்கிவைத்த போதகர் பெருமகனாரே! விடிந்ததிலிருந்து பூத்தொடுத்து, பாய் விரித்து, கிழங்கு சீவி, கை ஓய்ந்தும் வாய் ஓயாமல் வீற்றிருக்கும் என் தாய்மார்களே! கொரோலேவா ஊரிலிருந்து கடல் கடந்து, அலையில் நனைந்து, ஆனாலும் புன்னகை குறையாமல் வந்திருக்கும் விருந்தினர்களே! நேற்றுவரை நம் தீவின் செவிலியர், இன்று நம் நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர், என் அன்புத் தங்கை வாசிதி அவர்களே! பந்தலுக்குள் பாய் கிடைக்காமல், அதோ அந்த ஈரப்பலா மரத்தடியில் ஒண்டிக்கொண்டு நிற்கும் எமோசி அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

என்ன முணுமுணுப்பு? எமோசி பேரை ஏன் சொன்னேன் என்கிறீர்களா? சொல்கிறேன், சொல்கிறேன். அதற்காகத்தானே இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்!

என்னை உங்களுக்குத் தெரியும். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற கை எனக்கு. என் மனைவி உனைசியின் தையல் எந்திரத்தைக் கழற்றினேன். பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றினேன். (ஆமாம் தாயே, இன்னும் மாட்டவில்லை, மாட்டிவிடுகிறேன்!) சென்ற மாதம் நான் கழற்றிப் பார்த்தது நம் நாட்டுத் தேர்தலை. அதற்குள் இருந்ததைப் பார்த்து அசந்துபோனேன்.

அவையோரே, ஒரு கேள்வி. நங்கூரக் கட்சியின் சார்பில் நானூற்றுப் பதினேழாம் எண்ணில் நின்ற இந்தக் கெலெபிக்கு விழுந்த வாக்குகள் எத்தனை? இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு! விடியல் கட்சியின் சார்பில் ஐந்நூற்று அறுபத்திரண்டாம் எண்ணில் நின்ற தங்கை வாசிதிக்கு விழுந்தவை எத்தனை? எழுநூற்று முப்பத்து நான்கு! தலைநகர் சுவாவுக்குப் போவது யார்? எழுநூறு! சட்டியில் கிரீஸ் கரைப்பது யார்? இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்! இது என்ன கணக்கு? எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த கணக்கு? நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீர்கள். நீங்கள் கோபத்தோடு கேட்டீர்கள், நான் ஆசையோடு கேட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டு எண்ணிய மறுநாள் காலையை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். நதூவா வாக்குச்சாவடி: நானூற்றுப் பதினேழுக்கு இருநூற்று மூன்று, ஐந்நூற்று அறுபத்திரண்டுக்குப் பதினொன்று. அவ்வளவுதான்! ஊரே துள்ளிக் குதித்தது. "நம்மாளு ஜெயிச்சாச்சு! குழியத் தோண்டுங்கடா!" என்று தலைவர் இலைதியா குரல் கொடுத்தார். குழி தோண்டினோம், கல்லைக் காய்ச்சினோம், இரண்டு பன்றிகளை இலையில் சுற்றி இறக்கினோம். என் கழுத்தில் மாலை, என் தோளில் மரியாதைப் பாய், நான் உங்கள் தோளில்! நண்பகல் வானொலி என்ன சொன்னது? நங்கூரக் கட்சி, நாடு முழுவதும் சேர்த்து, நூற்றுக்கு நான்கே முக்கால். ஐந்தைத் தொடாத கட்சிக்கு ஐம்பத்தைந்து நாற்காலியில் ஒன்றுகூடக் கிடையாது. அதற்குள் நாம் ஒன்றரைப் பன்றியைத் தின்று முடித்திருந்தோம்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். உலகத்தில் தோல்விக்கு விருந்து வைத்த ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும்.

எங்கே தவறினோம்? நம் அப்பன்மார் காலத்தில் இந்தப் பக்கத்துக்கு ஒரு தொகுதி, தொகுதிக்கு ஓர் ஆள் என்று இருந்தது. அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. சட்டம் மாறியது, சீட்டு மாறியது, நாம் மாறவில்லை! இப்போது நாடே ஒரு தொகுதி. சீட்டில் பெயர் உண்டா? இல்லை. படம் உண்டா? இல்லை. கட்சி உண்டா? இல்லை. கட்டம் கட்டமாக எண்கள், எண்கள், எண்கள் மட்டுமே! அதில் ஒன்றைச் சுற்றி வட்டமிடுகிறோம். அந்த ஓட்டு முதலில் போய்ச் சேருவது ஆளுக்கா? இல்லை, அவர் கட்சியின் பானைக்கு! பானை நிறைந்தால்தான் பந்தி. விடியல் கட்சியின் பானை பொங்கி வழிந்தது. பத்தொன்பது நாற்காலி. அவர்கள் பட்டியலில் பத்தொன்பதாவதாக வந்தவர் வாசிதி. நம் தங்கை திருடவில்லை, ஏமாற்றவில்லை, வரிசையில் நின்று வாங்கினார்.

சரி, இது எனக்கு எப்போது தெரியும்? இங்கேதான் சங்கதி இருக்கிறது, தாய்மார்களே.

புதன்கிழமை வாக்குப்பதிவு. திங்கள் காலை ஏழரை மணியோடு பிரசாரம் ஓய்ந்தது. அதன்பின் வேட்பாளன் வாய் திறந்தால் குற்றம், உங்களுக்குத் தெரியும். அன்று பத்து மணிக்கு, வயதானவர்களைச் சாவடிக்குக் கொண்டுவரும் படகுக்கு எரிபொருள் கேட்க, கட்சிச் செயலாளர் அகுயிலாவுக்குப் போன் போட்டேன். பேச்சோடு பேச்சாக என் கழற்றிப் பார்க்கும் புத்தி கேட்டது.

"ஏம்பா அகுயிலா, தீவுல நான்தான் முதல்ல வருவேன்னு எல்லாரும் சொல்றாங்க. வந்தா சுவாவுக்குப் போயிடுவேன்ல?"

"அண்ணே, தீவுல முதல்ல வந்து என்ன பண்றது? மேற்குப் பக்கம் நமக்கு ஆளே இல்ல. அஞ்சைத் தாண்ட மாட்டோம்ணே. எங்களுக்கு ரெண்டு வாரமாத் தெரியும்."

"அடப்பாவி! முன்னாடியே ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க வீடு வீடா ஏறி இறங்கியிருப்பீங்களா?"

அவையோரே, அந்தப் போனை வைத்தேன். உங்களிடம் ஓடிவந்து, "எனக்குப் போடாதீங்க, வீணாப் போயிடும்" என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்த முடியுமா? இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் சட்டம் என் வாயைப் பூட்டிவிட்டது! பேசச் சொன்ன நாளெல்லாம் தெரியாமல் பேசினேன், தெரிந்தபின் பேசக்கூடாத ஆளானேன். உனைசி கேட்டாள், "என்ன, மூஞ்சி செத்த மீனாட்டம் இருக்கு?" "ஒண்ணுமில்ல, வயித்து வலி" என்றேன். அவள் இஞ்சி தட்டிக் கொடுத்தாள். இரண்டு நாள் இஞ்சி குடித்தேன்.

இனி எமோசி கதைக்கு வருகிறேன். பன்றி தீர்ந்தது, கோபம் தீரவில்லை. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே! கதவில் ஒட்டிய தாளில் பதினொன்று என்று இருந்ததே, அது கண்ணை உறுத்தியது. யார் அந்தப் பதினோரு துரோகி? மறுநாள் பகலிலேயே கூடிவிட்டோம். எமோசி வேறு தீவுக்காரன், மனைவியின் குடும்ப நிலத்தில் தோட்டம் போட்டிருக்கிறான். அவன் மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது, இரண்டு நாள் அருகிலேயே இருந்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவர் வாசிதி. போதாதா சாட்சி? "பதினொண்ணுல முதல் ஆளு இவன்தான்!" என்று முடிவு கட்டினோம். யங்கோனா வேரை இடித்துக் கரைத்து, குடிக்க வரிசையாகக் கிண்ணம் கொடுத்தபோது, அவன் முறை வந்ததும் கிண்ணம் அவனைத் தாண்டிப் போனது. நீங்கள் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன்.

தலைவர் அவனிடம் நேராகவே கேட்டார். "எமோசி, உண்மையச் சொல்லு. யாருக்குப் போட்ட?"

எமோசி என்ன சொன்னான்? "சீட்டுல என் பேரு இருக்கக் கூடாதுன்னு சட்டம், தலைவரே. அப்புறம் நீங்க எதுக்கு அதுல என் பேரை எழுதறீங்க?"

எத்தனை அழகான பதில்! ஆனால் நாம் அதைத் திமிர் என்றோம். மச்சான் முறைக்காரர்கள்கூட அவனைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் கேலி நின்றால் உறவும் நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரும் திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். பொருள் என்ன? எமோசியின் சேப்பங்கிழங்குத் தோட்டத்தைத் திருப்பி வாங்குவது. நான்கு பிள்ளைகளும் ஒரு பேரக்குழந்தையும் அந்தத் தோட்டத்தால்தான் சாப்பிடுகிறார்கள். ஓர் ஓட்டுக்காக! யாரும் பார்க்காத, யாரும் பார்க்கவே கூடாத ஓர் ஓட்டுக்காக!

இரண்டு நிமிடம், தலைவரே, இரண்டே நிமிடம். பன்றி ஆறினால் நான் சூடு பண்ணித் தருகிறேன்.

புதன்கிழமை காலை, அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நான் நின்றேன். எதிரே எண்கள். நானூற்றுப் பதினேழு என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். எனக்கு நான் போட்டால் அது ஓட்டையுள்ள பானையில் ஒரு சொட்டு. அப்போது மருத்துவப் படகின் எஞ்சின் என் கண்முன் வந்தது. எத்தனை முறை அதைத் திறந்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் வாசிதி என் பட்டறைக்கு வந்து, எண்ணெய்க் கறையைப் பார்க்காமல் மண்டியிட்டு உட்கார்ந்து, "அண்ணே, இது ஏன் திரும்பத் திரும்ப நிக்குது? ஏன்னு காட்டுங்க" என்று கேட்பார். "இதுக்கு மேல ஒட்டுப்போட முடியாது தங்கச்சி. புதுசுதான் வேணும்" என்று சொன்னேன். "அப்ப புதுசு யாரு தரணுமோ அவங்க முன்னாடி போய் நின்னு கேக்கறேன்" என்றார். நின்றார், கேட்டார், பதில் வராததால் தேர்தலில் நின்றார்! நானூற்றொன்றில் தொடங்கும் இருநூற்று முப்பது எண்களில் அந்தப் படகைத் தொட்டுப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்குப் போக வழியில்லை. மற்றவருக்கு இருந்தது.

என் உறவே! என் ஊரே! என்னைத் தோளில் தூக்கியவர்களே! பதினொன்றைத் தேடாதீர்கள். பத்தைத் தேடுங்கள். பதினோராவது ஓட்டு என்னுடையது!

ஆமாம். ஐந்நூற்று அறுபத்திரண்டைச் சுற்றி வட்டமிட்ட கை இந்தக் கை. இந்தக் கெலெபியின் கை.

கத்துங்கள், கத்துவதற்கு உரிமை இருக்கிறது. என்ன உனைசி? "வீட்டுக்கு வா, வச்சிக்கறேன்" என்கிறாயா? வருகிறேன். இஞ்சியைத் தயாராக வை. என்ன கேட்கிறீர்கள் தம்பி, உரக்கக் கேளுங்கள்! "முன்னாடியே ஏன் சொல்லல?" நியாயமான கேள்வி. திங்களும் செவ்வாயும் சட்டம் என் வாயைப் பூட்டியது. அதன்பின் ஒரு மாதம் பூட்டியது யார்? என் கோழைத்தனம்! கழுத்தில் மாலையோடு நின்றவன் எப்படிச் சொல்வேன் என்று தயங்கினேன். கிண்ணம் எமோசியைத் தாண்டிப் போனபோது என் கிண்ணத்தை நான் குடித்தேன். கை தட்டி, வாங்கி, குடித்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த வெட்கம் என்னை இந்த மேடைக்கு இழுத்து வந்தது.

துரோகி என்றால் நான் துரோகி. தோட்டம் பிடுங்க வேண்டுமா? திங்கட்கிழமை என் தோட்டத்தைப் பிடுங்குங்கள்! மாட்டீர்களா? ஏன் மாட்டீர்கள்? நான் உள்ளூர்க்காரன் என்பதாலா? அப்படியென்றால் நம் கோபம் ஓட்டின் மேலா, ஆளின் மேலா? சொல்லுங்கள்! மீதிப் பத்துப் பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், மூச்சு விடாமல். அவர்கள் நம் அக்காளாக இருக்கலாம், மகனாக இருக்கலாம். (போதகரே, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?) அவர்களைத் தேடினால் ஊரில் பத்துத் தோட்டம் காலியாகும். தேடாமல் விட்டால் ஒரு படகு வரும். தலைவர் இலைதியா அவர்களே, திங்கட்கிழமைக் கூட்டத்தின் பொருளை இங்கேயே, இப்போதே அடித்துவிடுவீர்களா?

தலையசைக்கிறார்! பார்த்தீர்களா? தலைவர் தலையசைக்கிறார்! நன்றி ஐயா, நன்றி.

யாரது எழுந்து வருவது? எமோசியா? வா, உள்ளே வா, வழி விடுங்கள் அவனுக்கு. என்ன சொல்கிறாய்? உரக்கச் சொல்... ஐயையோ! பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? கேட்கவில்லையா? நானே சொல்கிறேன். எமோசி சொல்கிறான்:

"அண்ணே, நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

பார்த்தீர்களா! தன் மகளைக் காத்தவரை விட்டுவிட்டு, தன்னை வைத்திருக்கும் ஊருக்காக வட்டமிட்டிருக்கிறான். ஒரு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தப்பித்திருப்பான். "நான் இல்லன்னு சொன்னா, அப்ப வேற யாருன்னு தேடுவீங்க, அதான் சொல்லல" என்கிறான். எமோசி, எமோசி... சரி, பேச்சை முடிக்கிறேன்.

தங்கை வாசிதிக்கு வாழ்த்து, வந்த விருந்தினர்க்கு வணக்கம், சமைத்த தாய்மார்களுக்குத் தனி வணக்கம். எனக்கு வாக்களித்த இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வினாகா, வினாகா! அந்த இன்னொருவனுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. மன்னிப்புத்தான் கேட்க வேண்டும், அதை ஒலிபெருக்கியில் கேட்கக் கூடாது. அங்கேயே நில், எமோசி. நான் இறங்கி வருகிறேன்.