எலுமிச்சம்பழம் வாங்கப் போன நேரம்

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவனை எங்கள் ஊரில் ஏமாளி என்பார்கள் சார். கூடவே உட்கார வேண்டும். இல்லாவிட்டால் புது சாமானுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழையதையே துடைத்து மாட்டிவிடுவான் என்று பேச்சு. அதில் பாதி உண்மைதான், மறுக்கவில்லை. உங்கள் ஸ்டேஷன் ஜீப்பு வேலைக்கு வரும்போதுகூட ஒரு போலீஸ்காரர் வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. ஆள் யாராவது உட்கார்ந்திருந்தால் நல்லது என்றுதான் நினைப்பேன்.

என் பெயர் புருஷோத்தமன். லாஸ்பேட்டையில் கார் பட்டறை. மனைவி செல்வாம்பாள் தவறிப்போய்ச் சில வருடம் ஆகிறது. மகள் வினோதாவை ஓசூரில் கட்டிக்கொடுத்தேன், நன்றாக இருக்கிறாள். வேலைக்கு வைத்த ஆட்கள் கொஞ்சம் தொழில் தெரிந்ததும் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுவார்கள். பிறகு யாரையும் வைக்கவில்லை. பேச்சுத் துணைக்கு யாரும் இல்லையா என்று கேட்டீர்கள். பகலெல்லாம் ஸ்பேனரோடு பேசுகிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது சார், அவ்வளவுதான்.

வைத்திலிங்கம் அண்ணன் இந்தச் சித்திரையில் வந்தார். அரசு அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய டீசல் கார் விமான நிலையத்துப் பக்கம் நின்றுபோய், கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. இன்ஜினின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தாளம் தப்பாமல் ஓடுவதற்கு அந்த ஒரு ரப்பர் பட்டைதான் பொறுப்பு. அது அறுந்தால் மேலே இருக்கும் வால்வுகள் விலக வேண்டிய நேரத்தில் விலகாது, கீழிருந்து வரும் பிஸ்டன் அவற்றை அடித்துவிடும். வால்வு அத்தனையும் வளைந்திருந்தது. பிஸ்டன் தலையில் பிறைபிறையாகத் தழும்பு. விஷயம் தெரியாமல் அவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறார்.

"எத்தினி நாளு ஆவும் மேஸ்திரி?"

"ஹெட்டக் கழட்டணும்ண்ணே. லேத்துக்குப் போவணும். சாமான் சென்னையிலேர்ந்து வரணும். மூணு வாரம் ஆவும்."

"சரி, செய்யி. நான் கூடவே இருக்கேன்."

கூடவே இருக்கேன் என்று என்னிடம் யாரும் சொல்லி நாளாகியிருந்தது.

சொன்னபடி இருந்தார். காலையில் வருவார், பழைய கார் சீட்டு ஒன்று போட்டிருப்பேன், அதில் உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டுப் படிப்பார். இன்ஜினின் மேல்பாதியான ஹெட்டை லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனால் என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி வருவார். வால்வு வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மதியச் சாப்பாட்டு கேரியரில் அவர் மனைவி தில்லையம்மாள் எனக்கும் ஒரு அடுக்கு வைத்து அனுப்புவார். அந்த அம்மாளுக்கு இதயத்தில் கோளாறு. அடிக்கடி கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதற்காகத்தான் அந்தக் காரையே வைத்திருந்தார்கள். அவர் செய்த சுரைக்காய்க் கூட்டைப் போல நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. நன்றி மறந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்று வாரத்தில் முடித்திருக்கலாம். நான் ஐந்து வாரம் ஆக்கினேன். அதற்கு மேல் இழுக்க முடியவில்லை.

கடைசி நாள் புது பெல்ட்டை அவர் கண்ணெதிரே மாட்டினேன். பல்சக்கரங்களைக் குறிக்குக் குறி சேர்த்துக் காட்டினேன். சாவியைப் போட்டதும் இன்ஜின் பூப்போல ஓடியது. அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் காலை பேப்பர் படிக்க ஆள் இருக்காது. இன்ஜின் வேலை செய்த வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றாமல் வெளியே எடுக்கக் கூடாது என்பது வழக்கம், சக்கரத்துக்கு ஒன்று. எப்போதும் நானே வாங்கி வைத்திருப்பேன். அன்று மறந்துபோயிற்று என்றேன். "இரு, நானே வாங்கியாறேன்" என்று தெருமுனைக் கடைக்கு நடந்தார். இத்தனை நாளில் வேலையை விட்டுக் கண்ணை எடுத்து அவர் எழுந்து போனது அந்த ஒரு தடவைதான்.

அந்த நேரத்தில் பெல்ட்டை மறைக்கும் மூடியைக் கழற்றி, அதன் ஓரத்தில் பிளேடால் ஒரு வெட்டு வைத்தேன். முழுக்க அறுக்கவில்லை. ஓட ஓடத் தானாகப் பிரிந்துகொள்ளும். மூடியை மாட்டிக் கையைத் துடைக்கவும் அவர் பழத்தோடும் கற்பூரத்தோடும் வரவும் சரியாக இருந்தது. வண்டிக்குக் கற்பூரம் சுற்றியது நான்தான்.

யோசிக்காமல் செய்யவில்லை சார். அவர் வேகமாக ஓட்டமாட்டார், வெளியூர் போகமாட்டார். ஊருக்குள் எங்காவது நின்றுபோகும், வால்வு வளையும், திரும்பவும் வருவார். அடி இரும்புக்குத்தானே. இந்தத் தடவை சாமான் செலவையும் நானே ஏற்றுக்கொள்வதாக இருந்தேன்.

ஆடி மாதம் ஒருநாள் விடிகிற நேரத்துக்குப் போன் வந்தது. அவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை மறைக்கப் போவதில்லை.

"மேஸ்திரி, வண்டி பட்டுனு நின்னுபோச்சு. கதிர்காமம் போற வழியில இருக்கேன். இவளுக்கு மூச்சு முட்டுது. இன்னா பண்றது?"

"சாவியத் திருவாதீங்கண்ணே. வேற யாரையும் கூப்புடாதீங்க. நான் வந்துட்டேன்."

மூச்சு முட்டுகிறது என்றது காதில் விழுந்தது. விழவில்லை என்றால் பொய். ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் அவர் அதில் ஏறிப் போய்விடுவார், வண்டியை வேறு எவனாவது இழுத்துக்கொண்டு போய் வேறு பட்டறையில் விடுவான். முகம் கழுவி, சட்டை மாற்றி, டீ போட்டு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, கயிற்றையும் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காலையில் டீ இல்லாவிட்டால் அவருக்கு ஓடாது.

நான் போனபோது தில்லையம்மாள் பின்சீட்டில் அவர் மடியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர் நின்றிருந்தார். "ஏறுங்கன்னு அப்பவே சொன்னேன். மெக்கானிக் வந்துக்கினே இருக்காருன்னுட்டாரு" என்றார். அந்த ஆட்டோவிலேயே கொண்டு போனோம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

காரைப் பட்டறைக்கு இழுத்து வந்தேன். காரியம் முடிந்ததும் வருவார் என்று சீட்டைத் துடைத்துப் போட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. நானே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"வேலைய ஆரம்பிக்கலாம்ண்ணே. நீங்க வந்து உக்காந்தா போதும்."

"இனிமே யாரக் கூட்டினு போவப்போறேன்? எடைக்குப் போட்டுடு மேஸ்திரி."

"சும்மாவாச்சும் வாங்கண்ணே. முன்ன மாதிரி பேசிக்கினு இருக்கலாம்."

அவர் புரியாமல் பார்த்தார். "நான் எங்கய்யா பேச வந்தேன்? நீ புதுசு போடுறியா, பழச மாட்டுறியான்னு பாக்கத்தான் உக்காந்தேன். அப்பிடிப் பாத்தும் இப்பிடி ஆயிப்போச்சு." கதவைச் சாத்திக்கொண்டார்.

துக்கத்தில் இருக்கிறவர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து வாரமும் ஒரு மனிதர் வெறும் சந்தேகத்துக்காகவா உட்கார்ந்திருப்பார், நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் நீங்கள் கூப்பிடாமல் நானாக வந்தேன். யாரும் புகார் கொடுக்கவில்லை, தெரியும். அறுந்த பெல்ட் இந்தப் பையில் இருக்கிறது. பாதி நேராக வெட்டுப்பட்டிருக்கும், மீதி பிய்ந்திருக்கும். அந்த அம்மாள் செத்தது என்னால்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். சாட்சி சொல்ல அவரைக் கூப்பிடுவீர்கள் அல்லவா? கேஸ் என்றால் வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வருவார். பாதியில் எழுந்து போகிற ஆள் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறீர்களா சார்? அப்படியானால் கோர்ட்டில் நான் செய்யவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.