எண்ணெய் கேட்டு வராத ஏழு வீடுகள்

மேடையில் இருக்கும் வணிகர் சங்கத் தலைவர் வெங்கடேஷ் ஐயா அவர்களே, ஜீப் ஓட்டும் அண்ணன்மார்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் ஏற்காடு கடைவீதி மக்களே, மஞ்சக்குட்டையிலிருந்து என்னோடு வந்த என் ஊர்க்காரர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பாயின் மகள் அஃப்சானா அக்கா, எல்லோருக்கும் வணக்கம். கணவரை இழந்து வீட்டுக்குள்ளேயே இத்தா இருப்பதால் இங்கே வர முடியாத பாத்திமா அம்மாவுக்கும் என் வணக்கம்.

நான் பாவாயி மகள் சிவரஞ்சனி. ஒன்பதாவதோடு நின்றவள். எனக்குப் பேச வராது. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும், மெக்கானிக் சையத் இப்ராஹிம் பாய் செய்த இன்ஜின் ஒரு நாளும் நின்றதில்லை என்றார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள். நின்றதில்லையா? எங்கள் ஓடையில் அது நிற்காத நாளே இல்லை!

ஓடைத் தண்ணீர் இறைக்கும் பழைய டீசல் பம்பைச் சரிவில் இறக்க நான்கு ஆள் வேண்டும். பாய் எங்கள் ஊரில் ஏழு வீட்டுக்குச் செய்து கொடுத்தது பதினோரு கிலோ. நான் ஒருத்தியே தோளில் தூக்கிப் போனேன். அதில் மேலும் கீழும் அடிக்கும் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஓர் இரும்பு, உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். அதிராது, உதறாது. என்ன அழகான இன்ஜின்! அது ஓடினால் நான் குடம் சுமக்க வேண்டாம், காப்பி நாற்று பிழைக்கும், நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நாற்பது நிமிடம் ஓடும். சூடேறியதும் நிற்கும். பிறகு எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறினால் முதல் இழுப்பிலேயே பிடிக்கும். நான் குடத்தை எடுப்பேன்.

மாதம் ஒருமுறை பாய் ஜீப்பில் வருவார், கையில் நோட்டோடு.

"ஏனுங்க பாவாயம்மா, இன்ஜின் எப்படி ஓடுது?"

"நொம்ப நல்லா ஓடுதுங்க பாய்."

"நீ சொல்லு கண்ணு. தூக்கிட்டுப் போறவ நீதான?"

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் சொன்னேன், "நல்லா ஓடுதுங்க."

அவர் போனதும் அம்மா சொன்னாள்: "சோறு தண்ணி பாக்காம செஞ்சு, சும்மா குடுத்த மனுசன். நம்ம ஊட்டு வாசல்ல வந்து நிக்கறவரு மூஞ்சிக்கு நேரா, நின்னு போச்சுன்னு சொல்றதா?"

வெள்ளையன் மாமா வீட்டில் இன்ஜின்மேல் கோழி அடைகாத்தது. பாயின் ஜீப் சத்தம் கேட்டால் கோழியை விரட்டிவிட்டு, ஒரு மூடி பெட்ரோல் ஊற்றி இழுப்பார். ஆறிக் கிடந்த இன்ஜின் உடனே பாடும். பாய் முகம் மலர்ந்து போவார். சிரிக்காதீர்கள்! மரியாதை என்று நினைத்து ஏழு வீடும் செய்த வேலை இது.

பாய் ஒருமுறை இன்ஜினைப் பிரித்து, முக்கோணத்தின் மூன்று முனையிலும் இருக்கும் மெல்லிய 'சீல்' பட்டையைக் காட்டினார். "பெரிய பெரிய கம்பெனிக்காரங்களே இந்த மூணு மூலையில மாட்டிக்கிட்டு முழிச்சாங்க கண்ணு. இது தேஞ்சாலும் சூட்டுல சிக்கிக்கிட்டாலும் உள்ள அழுத்தம் நிக்காது. எப்ப, எந்த நேரத்துலன்னு தெரிஞ்சா வழி பண்ணிரலாம்."

எப்போது என்று எனக்குத் தெரியும். நாற்பதாவது நிமிடம்! வாயில் ஏன் வரவில்லை? மூன்று வருடம் அந்த மனிதர், கெட்டது எது என்று தெரியாமல், கெடாத இடத்தையெல்லாம் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார். போன மாதம் மார்வலி வந்து இறந்த அன்றும் பட்டறையில் அதைத்தான் பிரித்து வைத்திருந்தாராம்.

அவருடைய நோட்டை அஃப்சானா அக்கா எனக்குக் கொடுத்தார். பக்கம் பக்கமாக ஒரே வரி. நன்றாக ஓடியது. நன்றாக ஓடியது. நன்றாக ஓடியது. கடைசிப் பக்கத்தில் மட்டும் வேறு: "பெட்ரோலோடு எண்ணெயும் குடிக்கிற இன்ஜின் இது. நன்றாக ஓடியிருந்தால் பட்டறைக்கு எண்ணெய் கேட்டு வந்திருப்பார்கள். ஒருவரும் வரவில்லை."

அவருக்குத் தெரிந்திருந்தது! தெரிந்தும், ஏன் பொய் சொன்னீர்கள் என்று நம்மைக் கேட்கவில்லை. நம் மனம் நோகக் கூடாது என்று அவர், அவர் மனம் நோகக் கூடாது என்று நாம். ஏன் பாய், ஒரே ஒருமுறை என்னை அதட்டிக் கேட்டிருக்கக் கூடாதா?

எங்கள் இன்ஜினுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து, பஸ் நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போவதாகச் சங்கத்தில் முடிவு செய்திருக்கிறீர்கள். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும். தரமாட்டேன். பாயோடு இருபது வருடம் பட்டறையில் நின்ற சாதிக் பாஷா அண்ணன், "நெசத்தச் சொல்லுங்க, நான் பிரிச்சுப் பாக்கறேன்" என்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏழு இன்ஜினும் பட்டறைக்கு வரட்டும். சூடேறி நிற்கும் வரை ஓட்டுவோம். நின்றால் நின்றது என்று எழுதுவோம். சரியாகும் வரை எழுதுவோம். அவருக்கு நான் செய்யத் தெரிந்த அஞ்சலி இதுதான்.

அதே நோட்டில் புதுப் பக்கம் திறந்து முதல் வரியை எழுதிவிட்டேன். "பாவாயி வீடு. நாற்பதாவது நிமிடம் நின்றது."

வெள்ளையன் மாமா, அடுத்த வரி உங்களுடையது. பேனா இங்கே இருக்கிறது.