திருப்போரூர் பக்கம் திரும்பிய ஆன்டெனா

மொட்டை மாடி விளிம்பில் நின்றாலும் எனக்குத் தலை சுற்றாது சார், இந்த ஸ்டேஷன் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பேச்சு தடுமாறுகிறது. அதனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தட்சிணாமூர்த்தி. சேலையூர் கேம்ப் ரோட்டில் கடை, திருப்போரூரில் வீடு. டிவி ஆன்டெனா, வயர்லெஸ் ஆன்டெனா மாட்டுவது தொழில்.

முனிரத்தினம் சாருடைய இறால் பண்ணைக்கு வயர்லெஸ் போட்டது நான்தான். கேளம்பாக்கத்துக்கு அப்பால், உப்பங்கழி ஓரம். டெலிபோன் லைன் போகாத இடம். சேலையூரில் அவர் ஆபீஸ் மாடியில் குச்சி ஆன்டெனா நட்டேன். அது நாலு பக்கமும் காது கொடுக்கும், ஆனால் எந்தப் பக்கமும் அத்தனை கூர்மையாகக் கேட்காது. பண்ணைக் கம்பத்தில் மீன்முள் மாதிரி ஒன்று. அது ஒரே பக்கம் பார்க்கும். பார்க்கிற பக்கம் இருபது கிலோமீட்டர் ஆனாலும் பேச்சு போய்ச் சேரும். முதுகுப் பக்கம் செவிடு. அதைச் சேலையூர் பார்த்து நிறுத்த எனக்கு அரை நாள் பிடித்தது. என் வீட்டிலும் சோதனைக்காக ஒரு செட் உண்டு, பேட்டரியில் ஓடுவது.

பண்ணை சூப்பர்வைசர் வில்பிரட் நல்ல மனிதர், நான் மறுக்கவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்குக் குளத்து நிலவரத்தை ஆபீசுக்குச் சொல்லுவார். கிளார்க் ரத்தினபாய் அம்மா எழுதிக்கொள்வார். ஒரு நாள் எல்லார் எதிரிலும் வில்பிரட் முதலாளியிடம் சொன்னார்: "இதுக்குப் போய் தட்சிணாமூர்த்தி எதுக்கு சார்? பைப்பைக் கொஞ்சம் திருப்பினா வேலை முடிஞ்சுது. நானே பார்த்துக்கறேன்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்று நான்கு ஐப்பசியில், புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று மதியம் பண்ணைக்குப் போனேன். காற்றுக்கு முன்னால் ஆன்டெனாவைப் பிடித்திருக்கிற கிளாம்பை முறுக்க வேண்டும் என்றேன். வில்பிரட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மோட்டார் ரூமில் தனியாக இருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுக் கம்பத்தில் ஏறினேன். ஆன்டெனாவைத் திருப்போரூர் பக்கம் திருப்பி, நன்றாக முறுக்கிவிட்டு இறங்கினேன். ஒரு சாயங்காலம் ஹலோ ஹலோ என்று கத்தட்டும், மறுநாள் எனக்கு ஆள் அனுப்பட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அவர் கத்துவதை நான் கேட்க வேண்டாமா? அதனால்தான் என் வீட்டுப் பக்கம்.

ஆறு மணிக்கு ஆபீஸ் செட்டில் இரைச்சல்தான் வந்ததாம். ரத்தினபாய் அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவர் மேல் தப்பு இல்லை. "மழைக்கு செட் எடுக்காதும்மா" என்று அவருக்குச் சொல்லி வைத்ததே நான்தான்.

என் செட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. "ஆபீஸ், ஆபீஸ். சுவர் விழுந்து கால் மாட்டிக்கிச்சு. கரை ஒடைஞ்சு தண்ணி உள்ள வருது. ஜீப் அனுப்புங்க." அப்படிப் பயந்த குரலை நான் கேட்டதில்லை சார். இப்போதும் எங்கேயாவது ரேடியோ கரகரத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறேன். என் ஸ்கூட்டரில் பண்ணைக்கு இருபது நிமிஷம். மைக்கைக் கையில் எடுத்தேன். பதில் சொன்னால் ஆன்டெனா எப்படி இந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்பார்களே என்று பயம் வந்துவிட்டது. வைத்துவிட்டேன்.

மறுநாள் நீங்கள் அவர் உடலை வெளியே எடுத்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். ஆன்டெனாவைக் காற்று திருப்பியிருக்கும் என்று உங்கள் ஏட்டு சொன்னார். காற்றுக்கு போல்ட்டை முறுக்கத் தெரியாது சார்.

என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பாயா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டார். ஆறேகாலுக்கு மேல் ஆபீசைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார், என் வீட்டில் செட் இருப்பது அவருக்குத் தெரியும். "தட்சிணாமூர்த்தி அண்ணா, கேக்குதா? நீங்க வந்தாத்தான் உண்டு." மூன்று தடவை சொன்னார். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. சட்டையை மாட்டினேன், ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு செட் முன்னால் வந்து உட்கார்ந்தேன். நாலாவது தடவை சொன்னதும் கிளம்பலாம் என்று இருந்தேன்.